ராயல் பாலே புது சீசன் அறிவித்தாயிற்று: முதல்முறை போகிறவர்கள் டிக்கெட் வாங்குவது எப்படி?

லண்டனின் ராயல் பாலே நடனக் குழு, அடுத்த சீசனில் என்னென்ன ஆடப்போகிறது என்ற பட்டியலை வசந்த காலத்தில் வெளியிடும். அன்று ரசிகர்களுக்குக் கை கால் ஓடாது. மேயர்லிங் பாலே திரும்ப வருகிறதா, ஸ்வான் லேக் இந்த வருடம் உண்டா என்று ஒரே பேச்சு. புதிதாக வருகிறவர் அந்த உற்சாகத்தில் இணையதளத்துக்குப் போனால் டிக்கெட் வாங்க வழியே இருக்காது. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். மறுபடி ஞாபகம் வரும்போது முந்நூறு அடி தள்ளித் தூணுக்குப் பின்னால் ஓர் இடம்தான் மிஞ்சியிருப்பது போல இருக்கும்.

இந்த முன்பதிவு முறை எனக்குப் பிடிபட ரொம்பக் காலம் ஆயிற்று. யாரும் ஒரே இடத்தில் எழுதிவைக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். கட்டணங்கள் சீசனுக்குச் சீசன் மாறும். செய்யவேண்டிய வரிசை மாறாது.

1. அறிவிப்பு வேறு, முன்பதிவு வேறு

சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த கோடை வரை நீளும். ஆனால் மொத்த டிக்கெட்டும் ஒரே நாளில் விற்பனைக்கு வராது. சீசனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி முன்பதிவு நாள் வைத்திருப்பார்கள். அந்த நாளிலும் அடுக்குகள் உண்டு: பெரிய நன்கொடையாளர்கள் முதலில், பிறகு ஃப்ரெண்ட்ஸ் என்ற சந்தாதாரர்கள், கடைசியாகப் பொதுமக்கள். எனவே பட்டியலை வாசிக்கும்போதே பிடித்த படைப்புக்கு எதிரே ஆடும் தேதிகளையும், உங்கள் அடுக்குக்கு முன்பதிவு திறக்கும் நாளையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் முந்தின நாளுக்கே ஓர் அலாரம் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி. ராயல் பாலேயும், பாட்டாகவே நடக்கும் நாடகமான ஓபராவை நடத்தும் ராயல் ஓபராவும் ஒரே மேடையில், ஒரே வாரத்தில் மாறி மாறி நடக்கும். இரண்டையும் நடத்தும் நிறுவனத்தின் பெயர் 2024 முதல் ராயல் பாலே அண்ட் ஓபரா. கட்டடத்துக்கு மட்டும் பழையபடி ராயல் ஓபரா ஹவுஸ் என்ற பெயர். மேனோன் என்று தேடுகிறீர்கள் என்றால், நடன அமைப்பாளர் கென்னத் மேக்மிலனின் பாலே ஒன்று. அதே பெயரில் இசையமைப்பாளர் மசெனேயின் ஓபரா இன்னொன்று. ரோமியோ ஜூலியட்டும் அப்படித்தான். பணம் கட்டும் முன் பக்கத்தின் தலைப்பில் பாலே என்று இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே எந்த அரங்கு என்றும் பாருங்கள். 2,200க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ள பெரிய அரங்கு ஒன்று, அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் சுமார் 400 பேர் அமரக்கூடிய லின்பரி அரங்கு ஒன்று. லின்பரியில் சிறிய, புதிய படைப்புகள் வரும். ஆடுபவர்களின் மூச்சு வாங்குவது கேட்கும் அளவுக்கு நெருக்கம். ஆனால் தங்கமும் வெல்வெட்டுமான அந்தப் பெரிய அரங்கை எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

முதல்முறைக்கு எதைப் பார்ப்பது? நட்கிராக்கர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். விலை அதிகம், கிறிஸ்துமஸ் கூட்டம், டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜிசெல் இரண்டே அங்கம், கதை எளிது, இரண்டாம் அங்கத்தில் வெள்ளை உடையில் ஆவிகள் வரிசையாக மேடையைக் கடக்கும்போது பாலே என்றால் என்ன என்று தானாகப் புரியும். மேக்மிலனின் ரோமியோ ஜூலியட்டும் நல்ல தொடக்கம். மேயர்லிங்கைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் தற்கொலையில் முடியும் கதை அது. பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். அதோடு கதையில் வரும் பெண்கள் யார் யார் என்று முன்பே வாசிக்காமல் போனால் பெரியவர்களுக்கும் தலை சுற்றும்.

மூன்று குறும்படைப்புகளைச் சேர்த்து ஒரே மாலையில் ஆடுவதும் உண்டு. புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழுநீளக் கதைகளைவிட டிக்கெட் விலை பெரும்பாலும் குறைவு, ஒன்று பிடிக்காவிட்டாலும் இடைவேளைக்குப் பிறகு வேறொன்று வரும்.

2. கணக்கு, அடையாளம், வங்கி அட்டை

முன்பதிவு நாளன்று காலையில் கணக்குத் தொடங்காதீர்கள். இன்றே தொடங்கி, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் நிரப்பி, வெளியேறி, மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். கடவுச்சொல் மறந்து மின்னஞ்சலுக்குக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நல்ல இருக்கைகள் போய்விடும்.

வயது 16 முதல் 25 வரை என்றால் இளையோர் திட்டத்தில் சேருங்கள். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. தேர்ந்தெடுத்த காட்சிகளுக்கு நல்ல இருக்கைகளே குறைந்த விலையில் கிடைக்கும். பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையை அன்று மாலை கையில் வைத்திருங்கள். சக்கர நாற்காலி, துணைக்கு ஒருவர், படியில்லாத வழி போன்ற தேவை இருப்பவர்கள் அதற்கான பதிவை முன்பதிவு நாளுக்கு வெகு முன்பே முடித்துவிட வேண்டும். அந்த இருக்கைகள் எண்ணிக்கையில் குறைவு.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வாங்குகிறவர்களுக்கு மிகப் பெரிய தடை வங்கி அட்டைதான். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் அதை இயக்கி, ஒருநாள் வரம்பையும் உயர்த்துங்கள். ஓடிபி வரும் எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். லண்டனுக்குப் புதிதாக வந்த மாணவர்கள் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிபிக்குத் திண்டாடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாணய மாற்றுக்கு வங்கி தனியாகக் கமிஷன் எடுக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். இலங்கை அட்டை என்றாலும் முன்கூட்டியே வங்கியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விசா எடுத்து வருகிறவர்கள் வரிசையை மாற்றிவிடாதீர்கள். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தால் முடிவு தெரிய வழக்கமாக மூன்று வாரம். பாலே டிக்கெட் அதற்குத் தேவையான ஆவணம் அல்ல. விசா மறுக்கப்பட்டால் அரங்கு பணத்தைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. விசா கையில் வரும்வரை விலை உயர்ந்த இருக்கைக்குப் போகாதீர்கள்.

3. ஃப்ரெண்ட்ஸ் சந்தா உங்களுக்குத் தேவையா?

இது வருடச் சந்தா. டிக்கெட் விலையில் தள்ளுபடி கிடைக்கும் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அதற்கில்லை. பொதுமக்களுக்கு முன்னால் வாங்கும் வாய்ப்புக்கும், ஒத்திகைகளுக்கு டிக்கெட் வாங்கும் உரிமைக்கும்தான் அந்தப் பணம்.

வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பார்க்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு இன்னொரு காட்சியே பார்த்துவிடலாம். நாலைந்து படைப்புகள், அதுவும் பிரபலமானவர்கள் ஆடும் நாட்கள் என்றால் கணக்கு மாறும். விலை குறைவாகவும் பார்வை நன்றாகவும் உள்ள இருக்கைகளை முதலில் காலி செய்வது இந்தச் சந்தாதாரர்கள்தான். பொதுமுன்பதிவு திறக்கும்போது விலை உயர்ந்த இடங்கள் நிறைய இருக்கும், மலிவான இடங்கள் சல்லடையாகியிருக்கும். மலிவு இருக்கைக்காரர்களுக்குத்தான் சந்தாவால் லாபம் அதிகம் என்பது வேடிக்கைதான்.

ஒத்திகை பற்றி ஒரு வார்த்தை: உடை, விளக்கு, இசைக்குழு எல்லாம் இருக்கும். ஆனால் ஆடுபவர் சில இடங்களில் சக்தியைச் சேமித்துக்கொண்டு பாதி அளவில்தான் ஆடுவார், நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கவும் கூடும். பகலில் நடப்பதால் விடுப்பு எடுக்க வேண்டிவரும்.

சேர்வதென்றால் முன்பதிவுக்கு முந்தின இரவில் சேராதீர்கள். எந்த நாளுக்குள் சேர்ந்தால் இந்த முறை முன்னுரிமை உண்டு என்று பார்த்துச் சேருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி வங்கிக்கு அனுமதி கொடுத்திருந்தால் அந்தத் தேதியையும் குறித்துவையுங்கள்.

4. யார் ஆடும் நாள்?

ஒரே படைப்பை பல ஜோடிகள் முறைவைத்து ஆடுவார்கள். மரியனேலா நுன்யெஸும் வதீம் முண்டகிரோவும் சேர்ந்து ஆடும் நாட்கள் முதலில் தீரும். நட்டாலியா ஒசிபோவா, ஃபிரான்செஸ்கா ஹேவர்ட், யாஸ்மின் நாக்டி ஆடும் நாட்களுக்கும் தனிக்கூட்டம் உண்டு. சீசன் அறிவிப்போடு இந்த விவரம் எல்லாம் வந்துவிடாது. அந்தந்தப் பகுதியின் முன்பதிவை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். வந்ததும் உங்கள் தேதிகளைத் திருத்துங்கள்.

காயம்பட்டால் ஆள் மாறும். அதற்காகப் பணம் திரும்பாது. ஒரே ஒருவரை மட்டும் நம்பிப் பெரிய தொகை போட வேண்டாம் என்பது என் கருத்து.

புதியவருக்கு நான் சொல்வது: சனிக்கிழமை மதியக் காட்சியைப் பாருங்கள். பெரிய வேடத்தில் முதன்முதலாக இறங்கும் இளையவர்களுக்கு மதியக் காட்சி கிடைப்பது சகஜம். ஸ்வான் லேக்கில் கறுப்பு அன்னமாக வந்து ஒற்றைக் காலில் தொடர்ந்து சுழலும் அந்த 32 சுழற்சிகளைப் பொதுமேடையில் முதல்முறை செய்யும் ஒருத்தியைப் பார்ப்பதில் உள்ள படபடப்பு, கைதேர்ந்தவரிடம் கிடைக்காது.

5. எங்கே உட்காருவது?

இதில்தான் பணம் வீணாவதும் மிச்சமாவதும். அரங்கு குதிரை லாட வடிவம். மேடைக்கு நேராக இருந்தால் முழுதும் தெரியும். பக்கவாட்டில் போகப் போக, நீங்கள் இருக்கும் பக்கத்து மேடை மூலை மறையும். இடதுபுறம் உட்கார்ந்தவருக்கு இடது மூலை தெரியாது. ஓபராவுக்கு இது அவ்வளவு பாதகமில்லை, காது இருக்கிறது. பாலேவில் ஜிசெல்லின் வீடும் கல்லறையும் மேடையின் ஓரத்தில் இருந்துவிட்டால் பாதிக் கதை போயிற்று.

தரைத்தளத்து ஆர்க்கெஸ்ட்ரா ஸ்டால்ஸ்தான் உயர்ந்தது என்று நினைப்போம். விலை நூறு பவுண்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்னும் மேலே. முகபாவம் அருமையாகத் தெரியும். ஆனால் முன்வரிசைகளில் தரை சாய்வு போதாது. முன்னால் உயரமானவர் அமர்ந்துவிட்டால் ஆடுபவரின் கால் தெரியாது. பாலேவில் கால் தெரியாவிட்டால் என்ன பார்ப்பது?

எனக்குப் பிடித்தது ஆம்ஃபிதியேட்டர், அதாவது மேல்மாடி, அதன் முன்பாதியின் நடு இருக்கைகள். தூரம்தான், முகம் சிறிதாகத் தெரியும், முழங்கால் முன்இருக்கையில் இடிக்கும். ஆனால் ஸ்வான் லேக்கில் அன்னங்கள் வரிசை கலைந்து வட்டமாகி மறுபடி வரிசையாவது மேலிருந்து பார்த்தால்தான் கோலம் விரிவது போலத் தெரியும். கீழே லட்ச ரூபாய் கொடுத்து உட்கார்ந்தாலும் அது கிடைக்காது. எட்டு மடங்குக்கு மேல் போகாத சிறிய பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள். அதைவிடப் பெரிதென்றால் கை நடுக்கத்தில் படம் ஆடும், ஆடுபவரும் சட்டத்தை விட்டு ஓடிவிடுவார்.

அடுத்தது நின்று பார்க்கும் இடங்கள். ஸ்டால்ஸைச் சுற்றி வளைந்திருக்கும் ஸ்டால்ஸ் சர்க்கிளில் இருக்கைகளுக்குப் பின்னால், சாய்ந்துகொள்ளக் கம்பியோடு, எண் போட்ட இடங்கள். மேடைக்கு வியக்கும்படி அருகில். சில இடங்கள் இருபது பவுண்டுக்குள்ளும் கிடைப்பதுண்டு. பழைய ரசிகர்கள் குறிவைப்பது இதைத்தான். குட்டையானவர்கள் யோசிக்க வேண்டும், இடுப்புவலிக்காரர்கள் வேண்டவே வேண்டாம். மூன்று அங்கம் என்றால் மொத்த மாலை மூன்று மணி நேரம்வரை போகும், இடைவேளையில்தான் உட்கார முடியும்.

ஸ்லிப்ஸ் என்று மேலே இரு ஓரங்களிலும் உள்ள பெஞ்சுகள் மிக மலிவு. எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கனவே பார்த்த படைப்பை இன்னொரு ஜோடிக்காகப் பார்ப்பவருக்குச் சரி. முதல்முறை போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

இருக்கையைச் சொடுக்கினால் அங்கிருந்து மேடை எப்படித் தெரியும் என்ற படம் வரும், பார்வை தடைபடும் இடம் என்றால் அந்தக் குறிப்பும் இருக்கும். முன்பதிவு நாளுக்கு முன்பே வேறொரு காட்சியின் பக்கத்தில் இதையெல்லாம் நிதானமாகப் பார்த்து, பிடித்த வரிசைகளைத் தாளில் எழுதிவையுங்கள்.

6. முன்பதிவுக் காலை

நம்மூர் தட்கல் டிக்கெட் மாதிரி நொடி தவறாமல் பொத்தானை அழுத்தும் வேகம் இங்கே உதவாது. விற்பனை தொடங்குவதற்கு முன்பே இணையக் காத்திருப்பு அறை திறக்கும். அதில் இருப்பவர்களுக்கு, விற்பனை தொடங்கும்போது வரிசை எண் குலுக்கலாகக் கொடுக்கப்படும். அரைமணி முன்னால் வந்தவரும் ஐந்து நிமிடம் முன்னால் வந்தவரும் ஒன்றுதான். திறந்த பிறகு வருகிறவர்தான் கடைசிக்குப் போவார்.

பல தாவல்களில் திறந்து வைக்காதீர்கள், பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். உள்ளே போனதும் கூடையில் போட்ட டிக்கெட்டுக்கு நேர வரம்பு ஓடும். மனைவியிடம் கேட்கிறேன், நண்பரிடம் கேட்கிறேன் என்பதற்கு அப்போது நேரமில்லை. யாரெல்லாம் வருகிறார்கள், முதல் விருப்பத் தேதி எது, இரண்டாவது எது, ஆளுக்கு எவ்வளவு வரை என்பதெல்லாம் முந்தின இரவே முடிவாகியிருக்க வேண்டும். ஒரே வரிசையில் நான்கு இருக்கை தேடுவதைவிட, இரண்டு இரண்டாக முன்னும் பின்னும் எடுத்தால் நல்ல இடம் கிடைக்கும்.

ஊரிலிருந்து வாங்குகிறவர்களுக்கு: லண்டன் கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் மாறும். அங்கே காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30.

தேடுபொறியில் பெயரைத் தட்டினால் மேலே விளம்பரமாக வரும் மறுவிற்பனைத் தளங்களைத் தொடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், அரங்கில் இன்னும் டிக்கெட் இருக்கும்போதே அப்படி ஒரு தளத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து, பார்வை மறைக்கும் இருக்கையை வாங்கினார். அரங்கின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அவ்வளவுதான்.

7. அன்று மாலை

காட்சி வழக்கமாக இரவு 7.30க்கு. சில நீளமான படைப்புகளுக்கு 7 மணி, எனவே டிக்கெட்டைப் பாருங்கள். தாமதமாகப் போனால் இடைவேளை வரை வெளியே திரையில்தான் பார்க்க வேண்டிவரும். அரங்குக்குப் பக்கத்திலுள்ள கவென்ட் கார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் மின்தூக்கிக்குக் கூட்டம் நிற்கும். சுழற்படியில் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள், 193 படிகள். ஹோபர்னிலோ லெஸ்டர் சதுக்கத்திலோ இறங்கி நடந்தால் நிம்மதி.

உடைக்கு விதி எதுவும் இல்லை. பட்டுப்புடவையும் பார்க்கலாம், ஜீன்ஸும் பார்க்கலாம். மேல்மாடி குளிர்காலத்தில்கூடப் புழுக்கமாக இருக்கும். கனத்த கோட்டைக் கீழேயே ஒப்படைத்துவிடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பெரிய அரங்குக்குள் விடமாட்டார்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாலும். அன்று யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். விலை கொடுத்து வாங்கும் புத்தகம், சேர்த்து வைக்கிறவர்களுக்கு.

செலவைக் கணக்கிடும்போது டிக்கெட்டோடு நிறுத்தாதீர்கள். அந்த வட்டாரத்தில் சாப்பாடு விலை அதிகம்; வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம். இரவு பத்தரை மணிவாக்கில் வெளியே வருவீர்கள், புறநகர் ரயில் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் பிக்கடில்லி, நார்தர்ன், சென்ட்ரல், விக்டோரியா, ஜூபிலி தடங்களில் இரவு முழுதும் ரயில் உண்டு.

8. டிக்கெட் கிடைக்காவிட்டால்

விற்றுத் தீர்ந்தது என்பது கடைசி வார்த்தை அல்ல. வாராவாரம் வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு, அடுத்த சில நாட்களின் காட்சிகளுக்கென ஒதுக்கிவைத்த டிக்கெட்டுகளை இணையத்தில் விடுவார்கள். ஃப்ரைடே ரஷ் என்று பெயர். 6ஆம் படியில் சொன்ன ஏற்பாடெல்லாம் இதற்கும் வேண்டும். போக முடியாமல் மற்றவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகளும் தளத்தில் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும். காட்சிக்கு முந்தின நாளும் அன்று காலையும் பாருங்கள். தனியாகப் போகிறவருக்குக் கிடைத்துவிடும். ஜோடியாகத் தேடுகிறவருக்குத்தான் கஷ்டம்.

ராயல் பாலேதான் வேண்டும் என்றில்லாவிட்டால், கிறிஸ்துமஸில் லண்டன் கொலீசியம் அரங்கில் இங்கிலிஷ் நேஷனல் பாலேயின் நட்கிராக்கர் இருக்கிறது. கார்லோஸ் அக்கோஸ்டா தலைமையில் பர்மிங்காம் ராயல் பாலேயும் உண்டு. அந்த ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் லண்டனுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

லண்டனுக்கே வர முடியாதவர்களுக்கு இரண்டு வழி. சீசனில் சில படைப்புகள் பல நாடுகளின் திரையரங்குகளுக்குப் போகும், அந்தப் பட்டியலும் சீசன் அறிவிப்போடு வரும். நேரடி ஒளிபரப்பா, சில நாள் கழித்துப் போடும் பதிவா என்று திரையரங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று ராயல் பாலே அண்ட் ஓபராவின் சொந்த இணையச் சேவை, மாதச் சந்தா. விட்டுப்போன படைப்பு ஒன்றுக்காக ஒரு மாதம் மட்டும் கட்டி, பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். எது எது இருக்கிறது என்று பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். மேடையில் ஆடியது எல்லாம் அங்கே வந்துவிடுவதில்லை.